லேத்தை விட்டுவிட்டு எஞ்சின் கதை சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் எஞ்சின்களின் வரலாறு பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சி. நியூகோமன், ஜேம்ஸ் வாட், ஸ்டீஃபென்சன், ஓட்டோ, டீசல் என்று வரிசையாகப் படம் போட்டு, ஒவ்வொருவரும் என்ன கண்டுபிடித்தார் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் படித்து முடிக்கும் பிள்ளையின் மனதில் என்ன தங்கும்? ஒருவருக்கு ஒரு யோசனை வந்தது, எஞ்சின் ஓடியது. அப்புறம் இன்னொருவருக்கு அதைவிட நல்ல யோசனை வந்தது, அதைவிட நல்ல எஞ்சின் ஓடியது. இவ்வளவுதான். அந்த யோசனையை இரும்பில் செய்து கொடுத்தவர்கள் யார், எதை வைத்துச் செய்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

நான் ஓய்வுபெற்ற டர்னர். இரும்பைக் கடையும் லேத் இயந்திரத்தில் தொடங்கி, பிற்பாடு தேய்ந்த எஞ்சின் சிலிண்டரைத் திரும்பத் துளைத்து ரீபோர் செய்வதும் பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட்டைச் சாணைபிடிக்கும் கிரைண்டிங் செய்வதுமாகவே என் வேலைக்காலம் போனது. அந்த உரிமையில் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். மாட்ஸ்லே பற்றிய பகுதியை மட்டும் விட்டுவையுங்கள்.

வாட் கெண்டி மூடி ஆடுவதைப் பார்த்து நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார் என்ற கதையை நீங்கள் போடாமல் விட்டதற்கு நன்றி. அவர் பிறப்பதற்கு முன்பே, 1712-ல், இங்கிலாந்தில் டட்லி அருகே நியூகோமனின் எஞ்சின் சுரங்கத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. வாட் செய்தது என்னவென்றால், நீராவியைக் குளிர வைக்கும் வேலையை சிலிண்டருக்கு வெளியே ஒரு தனிப் பாத்திரத்துக்கு மாற்றினார். யோசனை வந்தது 1765-ல். காப்புரிமை 1769-ல். அவருடைய எஞ்சின்கள் வேலைத்தளங்களில் ஓடத் தொடங்கியது 1776-ல். நடுவில் கிடக்கும் 11 வருடத்தை உங்கள் கட்டுரை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டது. பணக்கஷ்டம் ஒரு காரணம், உண்மைதான். ஆனால் பெரிய காரணம் சிலிண்டர்.

நியூகோமன் எஞ்சினில், சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் சந்து இருந்தால், பிஸ்டன் தலையில் தண்ணீரை ஊற்றி அடைத்துவிடுவார்கள். வாட்டின் எஞ்சினில் அது நடக்காது. அவருடைய யோசனையின் உயிரே சிலிண்டர் எப்போதும் சூடாக இருப்பதுதான். தண்ணீர் உள்ளே கசிந்தால் எல்லாம் கெட்டது. அதனால் சந்தை வேறு எதைக்கொண்டாவது அடைக்க வேண்டும். கார்க், எண்ணெயில் தோய்த்த துணி, பழைய தொப்பித் துணி, குதிரைச் சாணம் வரை வாட் முயன்று பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை. அன்றைய இங்கிலாந்தின் தலைசிறந்த பொறியாளரான ஜான் ஸ்மீட்டன் இந்த எஞ்சினைப் பார்த்துவிட்டு, இதைத் தேவையான துல்லியத்தோடு செய்ய இன்று கருவியும் இல்லை, ஆளும் இல்லை என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அவர் வாட்டின் கொள்கையில் எந்தக் குறையும் சொல்லவில்லை.

அந்தச் சந்து எவ்வளவு கெடுதல் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் பிஸ்டனைச் சுற்றி அரை நூல், அதாவது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குச் சின்ன விஷயம். ஆனால் சுற்றளவு 157 அங்குலம். அதை அரை நூலால் பெருக்கினால் கிட்டத்தட்ட 10 சதுர அங்குலம் வரும். பிஸ்டனில் மூன்றரை அங்குல விட்டத்துக்கு ஓர் ஓட்டை போட்டதற்குச் சமம். அந்த ஓட்டை வழியாக நீராவி போய்க்கொண்டே இருந்தால் எஞ்சின் நிலக்கரியைத் தின்னுமே தவிர வேலை செய்யாது.

சிலிண்டர் ஏன் வட்டமாக வரவில்லை? அப்போதைய துளையிடும் இயந்திரத்தில், வெட்டும் தலை ஒரு நீண்ட தண்டின் நுனியில் இருக்கும். தண்டின் அடுத்த முனைக்குப் பிடிமானம் கிடையாது. தலை வார்ப்பின் அடிப்பகுதியில் உட்கார்ந்தபடி ஊர்ந்து போகும். வார்ப்பு எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே துளையும் வளையும். துளையை அகலமாக்கும் போரிங் பார் என்ற தண்டை வைத்து வேலை செய்த எவரையும் கேளுங்கள்: பாரை வெளியே நீட்ட நீட்ட டூல் தள்ளப்படும், துளை ஒரு முனையில் அகன்று டேப்பராகும், சுவரில் அலை அலையாகக் கோடு விழும். இன்றைய நல்ல எஃகிலேயே அப்படி என்றால் அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்.

இதைத் தீர்த்தவர் ஜான் வில்கின்சன், வேல்ஸ் எல்லையோரம் பெர்ஷாமில் இரும்பாலை வைத்திருந்தவர். 1774-ல் பீரங்கிக் குழாய் துளைப்பதற்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருடம் சிலிண்டருக்கென்று ஒரு இயந்திரம் செய்தார். தண்டை சிலிண்டருக்குள் முழுவதுமாக நுழைத்து இரண்டு முனையிலும் தாங்கினார். வெட்டும் தலை அந்தத் தண்டின் மேல் நகர்ந்தது. வார்ப்பு எப்படிக் கோணியிருந்தாலும் துளை தண்டைப் பின்பற்றியது. டிப்டனில் 1776-ல் நிறுவிய எஞ்சினின் 50 அங்குல சிலிண்டர், எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் காசின் கனத்துக்கு மேல் பிசகவில்லை என்று வாட்டின் கூட்டாளி மாத்யூ போல்ட்டன் சந்தோஷமாக எழுதியிருக்கிறார். இன்றைக்கு ஒரு வாகன எஞ்சினின் சிலிண்டர் பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஓவல் ஆனாலே ரீபோருக்கு வந்துவிடும். அவர்களுக்கு ஒரு காசின் கனம் போதுமாக இருந்தது. அந்தத் துல்லியம் கிடைத்ததும் வாட்டின் எஞ்சின் விற்பனைக்கு வந்தது. உங்கள் படவரிசையில் வாட்டுக்குப் பக்கத்தில் வில்கின்சன் இருக்க வேண்டியவர்.

ஆனால் ஒரு நல்ல துளை மட்டும் எஞ்சின் ஆகிவிடாது. பிஸ்டன் ராட் நேராக இருக்க வேண்டும். வால்வு உட்காரும் முகம் தட்டையாக இருக்க வேண்டும். கிராங்க் பின் உருண்டையாக, ஷாஃப்ட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். போல்ட் நட்டில் சேர வேண்டும். 1800 வாக்கில் இவை எல்லாமே உளியும் சுத்தியலும் அரமும் கொண்டு மனிதன் கையால் செய்தவை. இதற்கு வாட்டே சாட்சி. பிஸ்டன் ராடை நேர்க்கோட்டில் நடத்த அவர் 1784-ல் பேரலல் மோஷன் என்ற அமைப்பைக் கண்டுபிடித்தார். தண்டுகளை மூட்டுப் போட்டு இணைத்து, வளைவாக ஆடும் பெரிய உத்தரத்தின் நுனியிலிருந்து ஏறக்குறைய நேரான அசைவை வாங்கும் ஏற்பாடு. தன் கண்டுபிடிப்புகளிலேயே இதைப் பற்றித்தான் அதிகம் பெருமைப்படுவதாக அவர் பின்னாளில் எழுதினார். பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் ஒரு டர்னராக எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. இரண்டு நீண்ட தட்டையான வழித்தடங்களை இணையாகச் சீவிக் கொடுக்க ஒரு இயந்திரம் இருந்திருந்தால், பிஸ்டன் ராடின் முனையைப் பிடித்து ஓடும் கிராஸ்ஹெட்டை அதில் ஓடவிட்டு வேலையை முடித்திருக்கலாம். அதைக் குறைந்த செலவில் செய்ய அன்று வழி இல்லை. அப்படிச் சீவும் பிளேனர் இயந்திரம் வந்து வழித்தடம் மலிவான பிறகு அந்த யானை உயர உத்தரம் பெரும்பாலான எஞ்சின்களிலிருந்து மெல்ல மறைந்தது. எஞ்சின் படுக்கைவாட்டத்துக்கு மாறியது, சிறுத்தது, வண்டியிலும் கப்பலிலும் ஏறியது.

இனி மாட்ஸ்லே. ஹென்றி மாட்ஸ்லே 1771-ல் வுல்விச்சில் பிறந்தவர். 12 வயதில் அங்கிருந்த ஆயுதச்சாலையில் தோட்டாவுக்கு மருந்து நிரப்பும் பையனாகச் சேர்ந்தார். 18 வயதில் பூட்டு செய்யும் ஜோசப் பிராமாவிடம் வேலைக்குப் போனார். பிராமாவின் பூட்டை அளவு பிசகாமல் நிறையச் செய்வதற்கான இயந்திரங்களை உருவாக்கியதில் மாட்ஸ்லேயின் கை பெரியது. பிராமா அந்தப் பூட்டைக் கடையில் தொங்கவிட்டு, திறப்பவருக்கு 200 கினி தங்கக் காசு பரிசு என்று எழுதிவைத்தார். 1851 வரை யாராலும் திறக்க முடியவில்லை. வாரம் 30 ஷில்லிங் சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை, கூட்டிக் கொடுங்கள் என்று மாட்ஸ்லே கேட்டார். மறுத்துவிட்டார்கள். 1797-ல் வெளியேறித் தனியாகப் பட்டறை போட்டார்.

லேத் பழங்காலத்து இயந்திரம். ஆனால் அதுவரை இரும்பைக் கடைவதென்றால் தொழிலாளி உளியைக் கையில் பிடித்து, ஒரு தாங்கியில் அழுத்தி, உடம்பின் பலத்தால் நிறுத்த வேண்டும். கை நடுங்கினால் வேலையும் நடுங்கும். மாட்ஸ்லே உளியைக் கையிலிருந்து வாங்கி ஸ்லைட் ரெஸ்ட் என்னும் நகரும் தாங்கியில் இறுகப் பிடிக்க வைத்தார். அந்த ஸ்லைடை லீட் ஸ்க்ரூ என்னும் நீண்ட திருகால் நகர்த்தினார். லீட் ஸ்க்ரூவை, வேலைப்பொருளைச் சுழற்றும் ஸ்பிண்டிலோடு பல்சக்கரங்களால் இணைத்தார். சக்கரத்தை மாற்றினால் வெவ்வேறு அளவில் மரை, அதாவது திருகின் சுருள் பள்ளம், வெட்டலாம். இந்த மூன்றில் எதற்கும் அவர் முதல் ஆள் கிடையாது. பிரான்ஸில் வோக்கான்சனும் செனோவும் அவருக்கு முன்பே இதில் கை வைத்திருக்கிறார்கள். மூன்றையும் கனமான இரும்புச் சட்டத்தில் ஒன்றாகச் சேர்த்து, தினசரி வேலைக்கு ஆகும்படி செய்து, அதை ஒரு பள்ளிக்கூடம்போல அடுத்தவர்களுக்கும் கற்றுக்கொடுத்தது அவர்தான். இன்றும் எந்த லேத்தின் முன் நின்றாலும் அந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. நான் மரை வெட்டக் கற்றபோது சக்கரம் மாற்றும் பட்டியல் லேத்தின் கதவில் ஒட்டியிருந்தது. 200 வருடத்துக்கு முந்தைய அதே கணக்கு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். நல்ல மரை வெட்ட நல்ல லீட் ஸ்க்ரூ வேண்டும். முதல் நல்ல லீட் ஸ்க்ரூவை எதில் வெட்டுவது? மாட்ஸ்லே, சுழலும் மிருதுவான உருளையின் மேல் பிறை வடிவக் கத்தியைக் கணக்கிட்ட சாய்வில் அழுத்தினார். கத்தி தானே உருளையில் மரைக் கோடு இழுத்துக்கொண்டு நகரும். அப்படிப் பல திருகுகள் செய்து, ஒப்பிட்டு, சிறந்ததை எடுத்து, அதன் பிழையையும் திருத்தி, அதைக்கொண்டு அடுத்ததை வெட்டினார். பின்னாளில் அளவுகோல்களில் கோடு பிரிக்கும் வேலைக்காக அவர் செய்த ஒரு திருகு 5 அடி நீளம், 2 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 50 மரை. அதற்கான நட் 12 அங்குல நீளம், உள்ளே 600 மரை. மரையில் சின்னப் பிழை இருந்தாலும் அவ்வளவு நீண்ட நட் இறுகி நின்றுவிடும். அது முழு நீளத்துக்கும் வழுக்கிக்கொண்டு போனதென்றால் அந்த மனிதரின் பொறுமையை என்னவென்று சொல்வது. மரை வெட்டியவர்களுக்கு இதைப் படித்தால் உடம்பு சிலிர்க்கும்.

அடுத்தது தட்டைத் தளம். இதுவும் அப்படியே: முதல் தட்டைத் தளத்தை எதோடு ஒத்துப் பார்ப்பது? இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று ஒத்துச் சரிசெய்தால் போதாது. ஒன்று மேடாகவும் மற்றது அதே அளவு பள்ளமாகவும் இருந்தாலும் இரண்டும் அழகாகப் பொருந்தும். அதனால் மூன்று தட்டு வேண்டும். முதல் தட்டு மேடு என்றால், அதனோடு பொருந்தும் இரண்டாவதும் மூன்றாவதும் பள்ளமாகத்தான் இருக்கும். இப்போது அந்த இரண்டையும் ஒன்றோடொன்று வைத்தால் நடுவில் இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும். மூன்றும் மாறி மாறி எந்த ஜோடியாக, எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்துகிறதென்றால், மூன்றும் தட்டை என்பதைத் தவிர வேறு வழியே இல்லை. எந்த அளவுகோலும் இல்லாமல், வேறு எந்தத் துல்லியமான பொருளையும் கடன் வாங்காமல், வெறும் ஒப்பீட்டிலிருந்து துல்லியம் பிறக்கிறது. என் வாழ்நாளில் நான் கற்றவற்றில் இதைவிட அழகான ஒன்றைச் சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது.

லண்டன் லாம்பெத்தில் இருந்த மாட்ஸ்லேயின் பட்டறையில் தொழிலாளிகளின் மேஜை மேல் இப்படிப்பட்ட தளங்கள் இருந்தன. செய்த வேலையை அதில் ஒத்துப் பார்க்க வேண்டும். அங்கே வேலை பார்த்த ஜோசப் விட்வர்த் இந்த முறையை முழுமைப்படுத்தி, 1840-ல் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கக் கூட்டத்தில் விளக்கினார். அதுவரை தட்டுகளை எமரித் தூள் போட்டுத் தேய்ப்பார்கள். தூள் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் அரிக்கும். நல்ல தளத்தையும் கெடுத்துவிடும். விட்வர்த், தேய்ப்பதை விட்டுவிட்டு, சாயம் தடவி ஒத்தி, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் ஸ்க்ரேப்பரால் சுரண்டச் சொன்னார். நாங்கள் நீலச் சாயம் தடவி அதே வேலையைச் செய்திருக்கிறோம். ஆரம்பத்தில் இரண்டு மூன்று பெரிய புள்ளி தெரியும். சுரண்டச் சுரண்ட அவை சிதறி, தட்டு முழுக்கப் பொட்டுப் பொட்டாகப் பரவும். ஸ்க்ரேப்பர் பிடித்த உள்ளங்கை காய்த்துப்போகும். அந்தப் பொட்டுகள் சீராக வந்த பிறகு ஒரு தட்டின் மேல் இன்னொன்றை வைத்தால் நடுவில் சிக்கிய காற்றில் மிதப்பதுபோல வழுக்கும்.

கையால் செய்த தளத்திலிருந்து இயந்திரத்தால் செய்யும் தளத்துக்கு வந்தது பிளேனரால். மாட்ஸ்லேயிடம் வேலை பார்த்துவிட்டு மான்செஸ்டர் போன ரிச்சர்ட் ராபர்ட்ஸ் 1817-ல் ஒரு பிளேனர் செய்தார். லீட்ஸில் மாத்யூ மர்ரே அதற்கு முன்பே எஞ்சினின் ஸ்லைடு வால்வு முகங்களைச் சீவ ஒன்றை வைத்திருந்தார் என்பார்கள். ஜோசப் கிளெமென்டும் ஒன்று செய்தார். யார் முதல் என்ற சண்டை எனக்கு முக்கியமில்லை. ராபர்ட்ஸின் பிளேனர் இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிளேனரைச் செய்யப் பிளேனர் இல்லாததால் அதன் அடித்தளப் படுக்கை உளியாலும் அரத்தாலும் செய்யப்பட்டது. பிளேனர் என்ன மாற்றியது என்பதற்கு விட்வர்த் 1856-ல் கொடுத்த கணக்கு ஒன்று போதும். முப்பது வருடத்துக்கு முன் ஒரு சதுர அடி வார்ப்பிரும்பைக் கையால் கொத்தி அராவித் தளமாக்கக் கூலி 12 ஷில்லிங். இப்போது பிளேனரில் ஒரு பென்னிக்கும் குறைவு என்றார். 12 ஷில்லிங் என்பது 144 பென்னி. வால்வு முகம், கிராஸ்ஹெட் வழித்தடம், சிலிண்டர் மூடியின் விளிம்பு, லேத்தின் படுக்கை எல்லாவற்றுக்கும் இந்த விலைதான் பொருந்தியது. பெரிய சுரங்க முதலாளி மட்டும் வாங்கக்கூடிய எஞ்சினைச் சின்ன மில்காரரும் வாங்க முடிந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

மரையிலும் அதே ஒழுங்கு வந்தது. முன்பு ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டும். ஒரு எஞ்சினைப் பிரித்தால் எந்த நட் எந்த போல்ட்டுக்கு என்று அடையாளம் போட்டு வைக்க வேண்டும். கலந்துவிட்டால் நாள் முழுக்கத் தேடலாம். விட்வர்த் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி பார்த்து, 55 டிகிரி கோணத்தில் ஒரே முறையை 1841-ல் முன்வைத்தார். மெல்ல மெல்ல நாடு முழுக்க அது பரவியது. ஓர் இடத்தில் செய்த பாகத்தை வேறோர் இடத்தில் பழுது பார்க்க முடிந்தது அதனால்தான்.

இந்தப் பட்டறை வேலை எல்லாம் எஞ்சினுக்குள் என்ன செய்தது என்றால், அழுத்தத்தைக் கூட்ட வழிவிட்டது. வாட் காற்றழுத்தத்தைவிடச் சற்றே கூடிய நீராவியோடு நின்றுகொண்டார். உயர் அழுத்தத்தைக் கண்டால் அவருக்குப் பயம். 1829-ல் ரெய்ன்ஹில் ரயில் எஞ்சின் போட்டியில் ஓடிய ஸ்டீஃபென்சனின் ராக்கெட் எஞ்சினின் கொதிகலனில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு. அதன் சிலிண்டர் விட்டம் வெறும் 8 அங்குலம். சின்ன சிலிண்டரில் அதிக அழுத்தம் என்பதுதான் ஓடும் எஞ்சினின் ரகசியம். ஆனால் அழுத்தம் ஏற ஏற அதே சந்து வழியாகக் கசிவும் ஏறும், சூடும் ஏறும். பிஸ்டனைச் சுற்றிக் கொழுப்பு தடவிய சணல் கயிறு திணித்த காலம் அது. சூட்டில் சணல் கருகும். ஜான் ராம்ஸ்பாட்டம் 1850-களின் தொடக்கத்தில், துளையைவிடச் சற்றே பெரிதாகச் செய்து ஓரிடத்தில் வெட்டிய உலோக வளையத்தைப் பிஸ்டனின் பள்ளத்தில் போட்டார். விரிந்துகொள்ளத் துடிக்கும் அந்த வளையம் சுவரை அழுத்திக்கொண்டே போகும். இன்றைய பிஸ்டன் ரிங் அதுதான். ஆனால் ரிங் சந்தை அடைக்கும். கோணல் சிலிண்டரை வட்டமாக்காது. துளை மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருந்தால்தான் ரிங்குக்கு வேலை.

ஓட்டோ, டீசல் பற்றி நீங்கள் எழுதிய பகுதியில்தான் எனக்கு அதிக வருத்தம். எரிபொருளைச் சிலிண்டருக்குள்ளேயே எரிக்கலாம் என்ற யோசனை 17-ஆம் நூற்றாண்டிலேயே ஹைகன்ஸுக்கு இருந்தது. வெடிமருந்தால் பிஸ்டனை இயக்கப் பார்த்தார். இழுத்தல், நெரித்தல், எரித்தல், வெளியேற்றல் என்ற நான்கு வீச்சு முறையை பிரான்ஸில் போ த ரோஷா 1862-லேயே தெளிவாக எழுதிவைத்தார், எஞ்சின் செய்யவில்லை. ஓட்டோ அதை ஓடவிட்டது 1876-ல், ஜெர்மனியின் டாய்ட்ஸில். நிமிடத்துக்குச் சுமார் 180 சுற்று, 3 குதிரைத்திறன். நீராவி எஞ்சினில் கொஞ்சம் கசிந்தால் கொதிகலன் இன்னும் நீராவி அனுப்பும். இதில் அடைத்து வைத்த கலவை கசிந்தால் அந்த வீச்சு போனதுதான். ஆகவே இந்த எஞ்சின் வருவதற்குள், துளையும் ரிங்கும் வால்வும் ஒரு படி ஏறியிருக்க வேண்டியிருந்தது.

அந்தப் படியை ஏற்றியதில் அமெரிக்கப் பட்டறைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அதை விரிவாக எழுத ஆசை. ஆனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துளைபோடும் ட்விஸ்ட் டிரில்லின் சுருள் பள்ளத்தை எலிவால் அரத்தால் கையில் அராவிக்கொண்டிருந்ததை மாற்றத்தான் ஜோசப் பிரவுன் 1862-ல் சுழலும் பல்வெட்டியால் சீவும் யுனிவர்சல் மில்லிங் மெஷினைச் செய்தார். பிரான்ஸில் பால்மர் 1848-ல் காப்புரிமை வாங்கிய, நுண்ணளவு பார்க்கும் மைக்ரோமீட்டரை அவருடைய பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனம் சட்டைப்பையில் வைக்கும் அளவுக்குச் செய்து விற்றது. அளவு பார்ப்பது முதலாளி அறையை விட்டுத் தொழிலாளி கைக்கு வந்தது. 1876-ல் அதே நிறுவனத்தின் யுனிவர்சல் கிரைண்டர் என்னும் சாணை இயந்திரம் வந்தது. கடினமாக்கிய எஃகை அன்றைய உளியால் வெட்ட முடியாது, சாணைக்கல்லால்தான் அளவுக்குக் கொண்டுவர முடியும். கிராங்க் பின் கிரைண்டிங் செய்து பிழைத்தவன் என்ற முறையில் அந்த இயந்திரத்துக்கு நான் கடன்பட்டவன்.

டீசலுக்கு வருவோம். காற்றை மட்டும் கடுமையாக நெரித்தால் அதன் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும் என்பது கொள்கை. 1893 ஆகஸ்ட்டில் ஆக்ஸ்பர்க் ஆலையில் முதல் சோதனை. அழுத்தம் காட்டும் கருவி வெடித்துச் சிதறியது. ஒழுங்காக ஓடும் எஞ்சினைப் பேராசிரியர் ஷ்ரோட்டர் சோதித்து 26 சதவீதச் செயல்திறன் என்று சொன்னது 1897 பிப்ரவரியில். நடுவில் போன வருடங்கள் கொள்கையைத் தேடியதில் போகவில்லை. பிஸ்டன், சீல், வால்வு, எரிபொருளை உள்ளே தள்ளும் ஏற்பாடு என்று ஒவ்வொன்றாகப் போராடியதில் போயின.

துளையின் அருமையை டீசல் எஞ்சின்போல எதுவும் காட்டாது. தேய்ந்த டீசல் எஞ்சின் ஒன்று பட்டறைக்கு வரும். நீலப் புகை, இழுவை இல்லை, குளிர்ந்திருந்தால் ஸ்டார்ட் ஆகவே ஆகாது. துளையின் விட்டம் அளக்கும் போர் கேஜை உள்ளே விட்டால் மேல் ரிங் நிற்கும் இடத்தில் சுவர் குழிந்திருப்பது முள்ளில் தெரியும். விரலால் தடவினாலே விளிம்பு தட்டுப்படும். ரீபோர் செய்து, சுவரை மெருகேற்ற ஹோனிங் போட்டு, சற்றே பெரிய ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போட்டுக் கொடுத்தால் கை வைத்ததும் பற்றிக்கொள்ளும். அதே எஞ்சின், அதே எரிபொருள், அதே டீசல் கொள்கை. மில்லிமீட்டரில் ஒரு துளி மாறியது, அவ்வளவே. காற்று கசியாமல் நின்றால் சூடாகும், கசிந்தால் ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ருடால்ஃப் டீசல், எரிபொருளை உள்ளே தள்ள அழுத்தப்பட்ட காற்றைப் பயன்படுத்தினார். அதற்கு ஒரு கம்ப்ரஸர் வேண்டும், எஞ்சின் கனத்துப்போகும். எரிபொருளை நேராகப் பம்ப்பால் தெளிக்கலாமே என்றால், சில மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் ஓடும் பிளஞ்சர் என்ற தண்டும் அதைச் சுற்றிய பேரல் என்ற குழாயும் வேண்டும். அதை ஆயிரக்கணக்கில் செய்யும் திறமை பட்டறைகளுக்கு வர இன்னும் காலம் பிடித்தது. பாஷ் நிறுவனத்தின் பம்ப் தொடர் உற்பத்திக்கு வந்தது 1927-ல். டீசல் லாரி பெருகியது அதன் பிறகுதான்.

எல்லாப் பெருமையும் லேத்துக்கே என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல இரும்பும் எஃகும் மலிவாகக் கிடைத்ததும், சூட்டில் கருகும் கொழுப்புக்குப் பதில் பெட்ரோலிய எண்ணெய் வந்ததும் இல்லாமல் இந்த எஞ்சின்கள் ஓடியிருக்காது. ஆனால் அவற்றுக்காவது உங்கள் கட்டுரையில் ஒரு பத்தி இருக்கிறது.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த இணைப்பில் அரைப் பக்கமாவது வில்கின்சன், மாட்ஸ்லே, ராபர்ட்ஸ், விட்வர்த், ராம்ஸ்பாட்டம், பிரவுன் ஆகியோருக்கு ஒதுக்குங்கள். இடம் இல்லையென்றால் படங்களைக் குறைத்துக்கொண்டு மூன்று தட்டு முறையை மட்டும் வரைந்து போடுங்கள். முதல் வரிசையில் ஒரு மேடும் ஒரு பள்ளமும் பொருந்தி நிற்பது. இரண்டாவது வரிசையில் அதே மேட்டோடு மூன்றாவது தட்டு. மூன்றாவது வரிசையில் இரண்டு பள்ளங்கள் எதிரெதிரே, நடுவில் இடைவெளி. வளைவை நன்றாகப் பெரிதுபடுத்தி வரையச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அச்சில் தெரியாது. வரைபவருக்குச் சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், நானே வரைந்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர்